லேப்டாப்பில் 60 பேர் கொண்ட ஸ்டிரிங்ஸ் குழு: எதை வாங்கலாம், எது கமகம் வாசிக்கும்?

2025 மார்ச் 8ஆம் தேதி, லண்டனின் ஈவன்டிம் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. வாசித்தவர்கள் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்கலைஞர்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "நாமும் வயலின் கூட்டம் வைத்து ஒன்று போட்டுப் பார்ப்போமே" என்று கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டவர்களில் நீங்களும் ஒருவரா?

அவருக்கு ஆர்கெஸ்ட்ரா இருந்தது. உங்களுக்கு இருப்பது ஜார்ஜ்டவுனில் ஓர் அறை, ஒரு லேப்டாப், ஒரு சின்ன கீபோர்டு, நண்பர் எடுத்த பத்து நிமிடக் குறும்படம். பினாங்கில் இசைக்குழு இல்லாமல் இல்லை. பினாங்கு பில்ஹார்மோனிக் இருக்கிறது, டேவான் ஸ்ரீ பினாங்கில் வாசித்திருக்கிறது. ஆனால் குறும்படத்தின் பட்ஜெட்டில் நாற்பது பேரைக் கூப்பிட்டு உட்கார வைக்க முடியுமா? சாப்பாட்டுச் செலவுக்கே காசு போதாது.

அதனால் எல்லோரும் போகும் வழியில் நீங்களும் போவீர்கள்: சேம்பிள் லைப்ரரி. உண்மையான கலைஞர்கள் வாசித்த ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து, உங்கள் கீபோர்டில் அழுத்தினால் ஒலிக்கும்படி கட்டிக்கொடுக்கும் மென்பொருள். இதில் நல்ல பெயர் எடுத்த ஒன்றின் விலை 399 அமெரிக்க டாலர். மலேசியாவில் 2025 பிப்ரவரியிலிருந்து மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதாவது ஒரு லைப்ரரிக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். வாங்கியபின் "இது நான் நினைச்ச சத்தம் இல்லையே" என்று தோன்றினால் திருப்பிக் கொடுப்பது பெரும்பாலும் நடக்காது. இரண்டாம் கையாக விற்கவும் பல நிறுவனங்களின் உரிமம் இடம் கொடுப்பதில்லை.

ஆகவே வாங்குவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்? இன்னொரு கேள்வியும் உண்டு, அதை வெளிநாட்டு விமர்சன வீடியோக்களில் யாரும் கேட்பதில்லை: தமிழ்க் காதுக்குப் பழகிய வயலின் ஒலியை இவற்றில் எது தரும்?

ஒரு சுரத்துக்குப் பின்னால் எத்தனை பதிவுகள்?

இந்த யோசனை புதிதல்ல. 1963இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 'மெல்லோட்ரான்' என்ற கருவி வந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு டேப் துண்டு. கட்டையை அழுத்தினால் டேப் ஓடும், வயலின் ஒலிக்கும். சுமார் எட்டு விநாடியில் டேப் தீர்ந்துவிடும், சத்தமும் நின்றுவிடும். 1979இல் ஆஸ்திரேலியாவின் ஃபேர்லைட், ஒலியை டிஜிட்டலாகப் பதிந்து வாசிக்க வைத்தது. 1998இல் வந்த கிகாசாம்ப்ளர் என்ற மென்பொருள்தான் பெரிய திருப்பம். அது ஒலிகளை மொத்தமாக நினைவகத்தில் ஏற்றாமல், ஹார்ட் டிஸ்கிலிருந்து நேராக ஓட விட்டது. இடப் பற்றாக்குறை போனதும் லைப்ரரிகள் வீங்கத் தொடங்கின.

வியன்னாவில் ஹெர்ப் டுக்மாண்டல் என்ற செல்லோ கலைஞர் தொடங்கிய 'வியன்னா சிம்பொனிக் லைப்ரரி' இன்னொரு முக்கியமான படியைத் தாண்டியது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும் அந்த வழுக்கலையே தனியாகப் பதிவு செய்தார்கள். இதற்குப் பெயர் லெகாட்டோ. அதுவரை கணினி வயலின் என்றால் 'ஸ', பிறகு 'ரி' என்று துண்டு துண்டாகக் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் வில்லும் விரலும் செய்யும் வேலை காணாமல் போயிருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். வயலினில் மூன்று ஸ்தாயி, அதாவது 36 சுரங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் மேலே 12, கீழே 12 என 24 இடங்களுக்குத் தாவலாம். 36ஐ 24ஆல் பெருக்கினால் 864. இதை மென்மை, நடுத்தரம், பலம் என்று மூன்று அளவில் வாசித்தால் 2,592 பதிவுகள். இது வயலினுக்கு மட்டும், ஒரே ஒரு வாசிப்பு முறைக்கு மட்டும். ஸ்டக்காட்டோ, பிட்ஸிகாட்டோ, ட்ரெமோலோ எல்லாம் தனி. ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் மிஷின் கன் மாதிரி கேட்கக் கூடாது என்பதற்காக, அதே சுரத்தை நாலைந்து தடவை பதிந்து மாற்றி மாற்றி ஒலிக்க விடுவார்கள். அதற்கு ரவுண்ட் ராபின் என்று பெயர். பிறகு இதையே பல மைக்குகளில். ஏன் ஒரு லைப்ரரி 600 ஜிபி வரை போகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஜிபி கூடினால் தரம் கூடும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பெரிய லைப்ரரிகளின் எடையில் பெரும்பகுதி கூடுதல் மைக்குகள்தான். நீங்கள் இரண்டைத் தாண்டித் தொடப்போவதில்லை.

எத்தனை பேர், எந்த அறை?

லைப்ரரிகளை ஒப்பிடும்போது முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல, தலைக்கணக்கு.

ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் 'பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா' லைப்ரரி 2019இல் வந்தது. அதில் முதல் வயலின் 16 பேர், இரண்டாம் வயலின் 14, வியோலா 12, செல்லோ 10, டபுள் பேஸ் 8. மொத்தம் 60 பேர். லண்டன் மைடா வேல் ஸ்டுடியோவில் பதிவானது. 1909இல் அந்தக் கட்டடம் ஸ்கேட்டிங் அரங்கமாகத்தான் கட்டப்பட்டது என்பது ஒரு சுவையான தகவல். ஈஸ்ட்வெஸ்ட்டின் 'ஹாலிவுட் ஸ்டிரிங்ஸ்' 57 பேர். 'ஜுராசிக் பார்க்', 'டைட்டானிக்' படங்களின் இசையைப் பதிவு செய்த ஷான் மர்ஃபிதான் அதற்கும் ஒலிப்பதிவாளர். சிட்னியில் பதிவான 'சினிமேட்டிக் ஸ்டுடியோ ஸ்டிரிங்ஸ்' 35 பேர். நான் மேலே சொன்ன 399 டாலர் இதற்குத்தான். பெர்லின் டெல்டெக்ஸ் அரங்கில் பதிவான 'பெர்லின் ஸ்டிரிங்ஸ்' 28 பேர். ஸ்பிட்ஃபயரின் 'சேம்பர் ஸ்டிரிங்ஸ்' வெறும் 16 பேர்: நான்கு முதல் வயலின், மற்ற நான்கு பிரிவிலும் மும்மூன்று பேர்.

60 பேர் என்றால் 16 பேரை விடச் சிறந்தது என்று அர்த்தமா? இல்லவே இல்லை. ஒரு சோதனை செய்து பாருங்கள். 16 வயலின் உள்ள லைப்ரரியில் மூன்று விரலால் ஒரு கார்டு அழுத்துங்கள். ஒவ்வொரு விரலுக்கும் 16 பேர். இப்போது உங்கள் அறையில் 48 முதல் வயலின்கள் வாசிக்கின்றன! நிஜ ஆர்கெஸ்ட்ராவில் அந்த 16 பேரும் பிரிந்து ஐந்தும் ஆறுமாக வாசிப்பார்கள். ஒலி மெலியும், தெளிவாகும். லேப்டாப்பில் அது தடித்து, குழம்பாகிவிடும். புதிதாகப் போடுபவர்களின் ஸ்டிரிங்ஸ் "ஏதோ ஆர்கன் மாதிரி இருக்கே" என்று கேட்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். கார்டாக அழுத்தாமல் வயலின், வியோலா, செல்லோ என்று ஒவ்வொரு குரலையும் தனி டிராக்கில் தனியாக வாசியுங்கள். காசு செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம் இது.

அடுத்தது அறை. ஸ்பிட்ஃபயர் தன் சேம்பர் ஸ்டிரிங்ஸைப் பதிந்த ஏர் ஸ்டுடியோவின் லிண்ட்ஹர்ஸ்ட் ஹால் ஒரு காலத்தில் தேவாலயம். கூரை உயரம், எதிரொலி நீளம். அந்த எதிரொலி ஒவ்வொரு பதிவிலும் ஒட்டிக்கொண்டே வரும். பிறகு நீங்கள் கழற்ற முடியாது. நேர் எதிராக, வியன்னாக்காரர்களின் பழைய தொகுப்புகள் எதிரொலியே இல்லாத 'சைலன்ட் ஸ்டேஜ்' என்ற அறையில் பதிவானவை. கேட்ட மாத்திரத்தில் வறண்டு போய்க் கிடக்கும், டெமோவில் யாரையும் மயக்காது. எதிரொலியை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

இப்போது உங்களுக்குப் பிடித்த எண்பதுகளின் இளையராஜா பாடல் ஒன்றை ஹெட்போனில் போடுங்கள். வயலின்கள் எங்கே இருக்கின்றன? தேவாலயத்தின் மறுகோடியிலா? காதுக்குப் பக்கத்தில். வில் தந்தியில் உரசுவதுகூடக் கேட்கும். அந்த ஒலி உங்கள் மனதில் இருந்தால், 60 பேரும் பெரிய ஹாலும் உங்களை எதிர்த் திசையில் கூட்டிக்கொண்டு போகும். சிறிய குழுவை எடுத்து, கருவிக்கு அருகில் வைத்த குளோஸ் மைக்கை ஏற்றி, நடத்துனரின் தலைக்கு மேலே தொங்கும் 'டெக்கா ட்ரீ' மைக்கைக் குறைத்துப் பாருங்கள். வாங்குமுன் அந்த லைப்ரரியில், அந்தப் பதிப்பில், குளோஸ் மைக் இருக்கிறதா என்றும் பாருங்கள். மலிவான பதிப்புகளில் பல நேரம் ஒரே ஒரு கலவைதான் இருக்கும்.

தாளம் ஏன் பின்தங்குகிறது?

நல்ல லெகாட்டோ உள்ள லைப்ரரியை வாங்கிய பலரும் முதல் நாளே ஏமாந்து போவார்கள். வாசித்தால் எல்லாம் தாமதமாகக் கேட்கிறது! லேப்டாப் மெதுவோ என்று சந்தேகம் வரும்.

லேப்டாப்பின் மேல் பழி போடாதீர்கள். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போக நேரம் பிடிக்கும், அந்த நேரமும் சேர்த்துத்தான் பதிவாகியிருக்கிறது. சினிமேட்டிக் ஸ்டுடியோ ஸ்டிரிங்ஸில் மெதுவான லெகாட்டோ அடுத்த சுரத்தை அடைய ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விநாடி எடுத்துக்கொள்ளும். வேகமானது பத்தில் ஒரு பங்கு. கட்டையை எவ்வளவு பலமாக அடிக்கிறீர்கள் என்பதை வைத்து எது ஒலிக்க வேண்டும் என்று அது முடிவு செய்யும். ஒலி அழகு, ஆனால் ஒவ்வொரு சுரத்தையும் கிரிட்டுக்கு முன்னால் நகர்த்தி வைக்க வேண்டும். இதற்குப் பொறுமை உள்ளவர்களுக்கு அது பொக்கிஷம். நேரடியாக வாசித்து உடனே கேட்க வேண்டும் என்பவர்களுக்குத் தலைவலி. தாமதம் குறைந்த ஒரு முறையும் இப்போது அதில் உண்டு, ஆனால் வழுக்கலின் அழகு கொஞ்சம் குறையும்.

இந்த ஒரு விஷயத்தைப் பற்றி விளம்பர வீடியோ எதுவும் வாய் திறக்காது. டெமோவில் ஒலிப்பது மணிக்கணக்கில் சீர்செய்த பதிவு.

அதனால் ஒரு லைப்ரரியைப் பற்றி முடிவு செய்யுமுன், யாராவது ஒருவர் அதை வெறும் கையால், எதுவும் திருத்தாமல் வாசிக்கும் வீடியோவைத் தேடிப் பாருங்கள். ஒரே சுரத்தை நீளமாகப் பிடித்து, மாட் வீலை மெல்ல மேலே தள்ளும்போது கவனியுங்கள். மென்மையிலிருந்து பலத்துக்கு வழவழவென்று போகிறதா, அல்லது நடுவில் ஓர் இடத்தில் திடீரென்று வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்தது மாதிரி ஒலி மாறுகிறதா? அந்தத் தாவல் கேட்டுவிட்டால் பிறகு எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

சரி, தோடி வாசிக்குமா?

இதுவரை சொன்னது உலகத்தில் எந்த ஊர் இசையமைப்பாளருக்கும் பொருந்தும். நமக்கு மட்டுமான பிரச்சனை இனிமேல்தான்.

மேற்கத்திய வயலினும் கர்நாடக வயலினும் ஒரே கருவி. பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில், 200 ஆண்டுகளுக்கு முன், நம் இசைக்குள் வந்தது. ஆனால் பிடிக்கும் விதம் மாறியது. மேற்கத்தியக் கலைஞர் தாடையில் இடுக்கி, விரல்களைக் குறிப்பிட்ட இடத்தில் பதித்து எடுக்கிறார். நம் வித்வான் தரையில் உட்கார்ந்து, கருவியின் தலையை வலது காலில் ஊன்றிக்கொள்கிறார். கருவியைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லை. அது தந்தி நெடுக வழுக்கி ஓடலாம்.

தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு புள்ளி அல்ல. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஆடும் ஓர் அசைவு. அசைவை எடுத்துவிட்டால் காந்தாரம் இல்லை, தோடியும் இல்லை. கீபோர்டில் அந்தக் கட்டையை அழுத்தினால் வருவது, வழி தெரியாத ஒருவர் வாசலில் நிற்பது போன்ற ஒரு சுரம்.

சேம்பிள் லைப்ரரி கட்டுபவர்கள் கலைஞர்களிடம் கேட்பது இதற்கு நேர்மாறானது: சுரத்தை நேராக, சுத்தமாக, ஆடாமல் வாசியுங்கள். லெகாட்டோ பதிவும் 'இங்கிருந்து அங்கே' என்ற ஒற்றைப் பயணம்தான். போர்ட்டமென்டோ என்று ஒரு நீண்ட இழுப்பு சில லைப்ரரிகளில் உண்டு. சினிமா பாணிச் சோகத்துக்கு அது உதவும். ஆனால் போய், வந்து, பாதியில் திரும்பி, தொட்டும் தொடாமலும் நிற்பது? அது இந்த லைப்ரரிகளில் இல்லை.

"பிட்ச் பெண்ட் சக்கரம் இருக்கே, அதை ஆட்டினா போதாதா?" என்று கேட்பீர்கள். முயன்று பாருங்கள், உடனே ஏதோ இடிக்கும். ஏன் என்று யோசித்ததுண்டா? சேம்பிளை இரண்டு அரைச்சுரம் மேலே வளைக்கும்போது, கணினி பொதுவாக அந்தப் பதிவைச் சுமார் 12 சதவீதம் வேகமாக ஓட்டுகிறது. சுரத்தோடு சேர்ந்து வைப்ரேட்டோவும் வேகமாகிறது. அதைவிட மோசம், அறையும் வளைகிறது. நிஜ அரங்கில் வயலின் மேலே போகும்போது, சற்று முன் ஒலித்த சுரத்தின் எதிரொலி அதே இடத்தில்தான் தேய்ந்துகொண்டிருக்கும். சேம்பிளில் எதிரொலியும் ஒட்டியிருப்பதால், சுவர், கூரை எல்லாம் சேர்ந்து மேலே போகும். காது இதைப் பெயர் சொல்லிக் கண்டுபிடிக்காது. "போலி" என்று மட்டும் சொல்லிவிடும்.

இங்கேதான் அந்த வறண்ட வியன்னாப் பதிவுகளின் மதிப்பு கூடுகிறது. எதிரொலி ஒட்டாத ஒலியை வளைத்துவிட்டு, பிறகு எதிரொலி சேர்த்தால் ஏமாற்று வேலை ஓரளவு மறையும். இன்னொரு வழி, பதிவே இல்லாமல் தந்தியின் அதிர்வைக் கணக்குப் போட்டு ஒலி உண்டாக்கும் 'ஸ்வாம்' போன்ற கருவிகள். எப்படி வளைத்தாலும் வளையும். ஆனால் தனியாகக் கேட்டால் மரத்தின் மணம் குறைவு என்பது என் கருத்து. கூட்டத்தில் கலந்துவிட்டால் தப்பிக்கும்.

ஒரு வயலின் போதும்

வி.எஸ். நரசிம்மன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1986இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பில் வயலின் வாசித்தவர். 1993இல் அவர் மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட் என்ற நால்வர் குழுவைத் தொடங்கினார். கர்நாடகக் கீர்த்தனைகளுக்கு மேற்கத்திய ஹார்மனி சேர்த்து வாசிப்பது அவர்கள் வழி. கவனித்துக் கேட்டால் ஒரு வேலைப் பங்கீடு தெரியும்: பாட்டு கமகத்தோடு போகும், அதைச் சுற்றி மற்றக் குரல்கள் பெரும்பாலும் நேராக நின்று ஹார்மனியைத் தாங்கும்.

உங்கள் லேப்டாப்புக்கும் இதே பங்கீடுதான் தீர்வு. ஆடாமல், நேராக, அழகாக நிற்பதுதானே சேம்பிளுக்கு நன்றாகத் தெரியும்? இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, பேஸ் எல்லாவற்றையும் லைப்ரரியிடம் கொடுங்கள். மேலே போகும் பாட்டை ஒரு மனிதரிடம் கொடுங்கள். அவர் வாசிப்பதற்கு அடியில், அதே மெட்டை மெல்லிய அளவில் லைப்ரரியின் முதல் வயலினிலும் ஓட விடலாம், ஆனால் கமகம் வரும் இடங்களில் அதைக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆடும் சுரமும் ஆடாத சுரமும் மோதிக்கொள்ளும். ஒரே கலைஞரை மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் மைக்கிலிருந்து சற்று வேறு இடத்தில் உட்கார வைத்துப் பதிந்தால், பின்னால் இருக்கும் 16 சேம்பிள் வயலின்களும் உயிர் பெற்றது போல் ஒரு மயக்கம் வரும். ஒரே ஒரு நிஜ வில்லின் சத்தம் போதும், காது மற்றவர்களையும் நம்பிவிடும்.

இப்படிப் பார்த்தால் கேள்வியே மாறிவிடுகிறது. 399 டாலர் லைப்ரரி வேண்டுமா, அல்லது இலவச லைப்ரரியும் ஒரு வயலின் கலைஞருக்குச் சம்பளமுமா? தமிழ் மெட்டு எழுதுபவராக இருந்தால், நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இலவசம் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் 'டிஸ்கவர்' பதிப்பு இலவசமாகக் கிடைத்து வருகிறது. அளவு சுமார் 200 எம்பி, பழைய லேப்டாப்பிலும் ஓடும். அதில் லெகாட்டோ கிடையாது, மைக் தேர்வும் கிடையாது. ஹார்மனி தாங்கும் வேலைக்கு லெகாட்டோ அவ்வளவு தேவையும் இல்லை. வெர்சிலியன் நிறுவனத்தின் 'விஎஸ்சிஓ 2' சமூகப் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே: பதிப்புரிமையையே விட்டுக்கொடுத்து வெளியிட்டிருக்கிறார்கள். சத்தம் கொஞ்சம் கரடுமுரடு, ஆனால் உள்ளே நுழைந்து பதிவுகளைக் கலைத்துப் போட்டுக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஈஸ்ட்வெஸ்ட் மாதச் சந்தா முறையும் வைத்திருக்கிறது. ஒரு வேலைக்கு ஒரு மாதம் என்று எடுப்பவர்களுக்கு அது லாபம், மறந்துபோய் ஆண்டு முழுக்கக் கட்டுபவர்களுக்கு நஷ்டம்.

எதை எடுத்தாலும், அது எந்த மென்பொருளுக்குள் ஓடும் என்று படித்துவிட்டு எடுங்கள். கான்டாக்ட் என்ற மென்பொருளுக்கு இலவசப் பதிப்பும் உண்டு, காசு கொடுக்க வேண்டிய முழுப் பதிப்பும் உண்டு. சில லைப்ரரிகள் முழுப் பதிப்பில் மட்டுமே திறக்கும். தள்ளுபடியில் லைப்ரரியை வாங்கிவிட்டு, திறக்கும்போதுதான் இன்னொரு செலவு காத்திருக்கிறது என்று தெரிந்தால் வயிறு எரியும். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'கிராக்' பதிப்பைப் பற்றி ஒரே வார்த்தை: நாளைக்கு உங்கள் பாட்டு ஏதாவது படத்துக்குப் போய் உரிமம் எங்கே என்று கேட்டால், காட்ட ஒன்றும் இருக்காது.

கலைஞர்களின் வேலை போகிறதா?

இந்தக் கவலையும் பழசுதான். 1982 மே மாதம், பிரிட்டன் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சின்தசைசரையும் டிரம் மெஷினையும் தடை செய்யக் கோரித் தீர்மானமே போட்டது. தடை வரவில்லை, கருவிகள் வந்தன. சென்னையிலும் 1992இல் 'ரோஜா' வந்த பிறகு கணினியும் கீபோர்டும் எடுத்துக்கொண்ட இடம் நாம் பார்த்ததுதான். அதே சமயம் நிஜ ஸ்டிரிங்ஸ் மறைந்துவிடவும் இல்லை. 2000இல் 'ஹே ராம்', 2005இல் 'திருவாசகம்' இரண்டுக்கும் இளையராஜா புடாபெஸ்ட்டின் இசைக்குழுவைத் தேடிப் போனார். ஸ்பிட்ஃபயர் போன்ற சில நிறுவனங்கள், பதிவில் வாசித்த கலைஞர்களுக்கு விற்பனையில் பங்கு தருவதாகச் சொல்கின்றன. எல்லா நிறுவனமும் அப்படிச் செய்வதில்லை.

பினாங்கின் அளவில் இந்தக் கேள்வி இன்னும் எளிமையானது. நீங்கள் கூப்பிடாவிட்டால் இங்கே ஒரு வயலின் கலைஞருக்குப் பதிவு வேலை என்று ஒன்று வரப்போவதே இல்லை. பாபிங்டன் அவென்யூவில் உள்ள டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் மாதிரி, இந்திய இசையும் நடனமும் கற்பிக்கும் இடங்களில் விசாரித்துப் பாருங்கள். கோவில் விழாக்களில் வாசிப்பவர்களைக் கேளுங்கள். மேற்கத்திய முறையில் படித்த ஒருவர் கிடைத்தால் அவரும் நல்லவர்தான், ஆனால் கமகம் எழுதிக் காட்ட முடியாது. நீங்களே பாடிக் காட்ட வேண்டும்.

பதிவு நாளுக்குச் சில குறிப்புகள். ஜார்ஜ்டவுனில் பகலில் மோட்டார் சைக்கிள், மாலையில் மழை. இரவு பத்து மணிக்கு மேல்தான் அமைதி. மின்விசிறியை நிறுத்துங்கள், ஏர்கானையும் நிறுத்துங்கள். வேர்க்கும், வேறு வழியில்லை. நம் ஊர் ஈரப்பதத்தில் தந்தியின் சுருதி அடிக்கடி மாறும் என்பதால், ஒவ்வொரு டேக்குக்கும் முன் ஏ 440 ஹெர்ட்ஸ் என்று லைப்ரரியின் சுருதியை ஒலிக்க விட்டுச் சரிபாருங்கள். மேற்கத்திய முறையில் படித்தவருக்கு ஸ்டாஃப் நொட்டேஷனை நீட்டலாம். கர்நாடக வித்வானுக்கு அது பயன்படாது. அவர் தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று உங்கள் சுருதிக்கு ஏற்ப மாற்றிக் கட்டிக்கொள்வார், அதனால் அவர் கிளம்பும் முன்பே சுருதியைச் சொல்லிவிடுங்கள். பாட்டு சி-யில் என்றால் ஒரு கட்டை. டி-யில் என்றால் இரண்டு கட்டை. எஃப் என்றால் நான்கு.